நான் அண்டை நாடாக இருந்த இரண்டு நாள்

நாடாக இருப்பது இடுப்புக்கு ஆகாது. பாடப் புத்தகத்தில் எல்லை, பரப்பளவு, மக்கள்தொகை என்று எல்லாம் போடுகிறார்கள், இதை மட்டும் போடுவதில்லை. காலை நாஸ்தாவுக்குப் பிறகு உட்கார்ந்தால் மதியச் சாப்பாடு வரை எழுந்திருக்கக் கூடாது. சாயக் கூடாது. பக்கத்து நாடு பேசும்போது கொட்டாவி விடக் கூடாது. போன தை மாதம், மாமல்லபுரத்துக்கும் புதுப்பட்டினத்துக்கும் நடுவே கடலைப் பார்த்த ஒரு ஓட்டலில் நான் அப்படி இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். எந்த நாடாக என்று சொல்ல மாட்டேன். அந்தப் பதவியிலிருந்து என்னை இன்னும் யாரும் முறைப்படி நீக்கவில்லை. பதவியில் இருப்பவன் வெளியே பேசுவது நாகரிகம் இல்லை.

மற்ற நாட்களில் நான் ஷேக் தாவூத், மாமல்லபுரத்தில் வெளியூர்க்காரர்களுக்குப் பாறைகளைச் சுற்றிக் காட்டுகிற கைடு. அந்தச் சரிவில் இருக்கும் உருண்டைப் பாறை ஏன் இன்னும் உருளவில்லை என்பதற்கு என்னிடம் பல காரணங்கள் உண்டு. வந்தவரின் முகத்தைப் பார்த்து ஒன்றை எடுத்துக் கொடுப்பேன். இதுவரை யாரும் பாறையிடம் போய் விசாரித்ததில்லை.

அந்த ஓட்டலில் ஒரு மாநாடு. அண்டை நாடுகள் எல்லாம் இன்னும் நெருங்கி வர வேண்டுமாம். ஒரே சந்தை, ஒரே மின்கம்பி, முடிந்தால் ஒரே காசு, எல்லோரும் உயிரோடு இருந்தால் கடைசியில் எல்லா நாட்டுக்கும் பொதுவாக ஒரு மன்றம். நடத்தியது ஒரு அறக்கட்டளை. வந்தவர்கள் அரசாங்கத்து ஆட்கள் இல்லை, அரசாங்கத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள். நாட்டுக்கு ஒருவர். இவர்கள் எடுக்கும் முடிவை அந்தந்த அரசாங்கத்துக்கு அனுப்புவார்கள். அரசாங்கம் நன்றி என்று பதில் போடும். மறு வருஷம் வேறு ஊரில் கூடுவார்கள்.

மாநாடு முடிந்ததும் அவர்களுக்குப் பாறை காட்டுவதற்காக என்னை ஏற்பாடு செய்திருந்தார்கள். முதல் நாள் காலையிலேயே போய் வாசலில் நின்றேன். ஏற்பாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்த கீர்த்தனா என்ற பெண், சென்னையிலிருந்து வந்தவள், காதில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டு போனோடு ஓடி வந்தாள்.

“அங்கிள், ஒரு ஹெல்ப். ரெண்டு நாள் ஒரு சேர்ல உட்காரணும். பேச வேணாம்.”

“எதுக்கும்மா?”

“ஒரு கன்ட்ரி வரல.”

“நாட்டுக்கு என்ன ஆச்சு?”

“சின்னம்மை.”

அந்த நாட்டின் பிரதிநிதிக்கு, வயசான காலத்தில், கிளம்புகிற அன்று சின்னம்மை போட்டுவிட்டது. அறக்கட்டளையின் விதிப்படி ஒரு நாற்காலி காலியாக இருந்தாலும் தீர்மானம் செல்லாது. போன தடவை ஒரு நாற்காலி காலியாக இருந்து, அது அவமதிப்பா இல்லை ஆள் பாத்ரூம் போயிருக்கிறாரா என்று தகராறு வந்து, மாநாடே கலைந்ததாம். எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். முகமும் அந்த நாட்டுக்குப் பொருந்துவதாகக் கீர்த்தனா சொன்னாள். விருந்து மேலாளரின் கோட்டை எனக்கு மாட்டினார்கள். பட்டன் போட்டால் மூச்சு வராது, மூச்சு விட்டால் பட்டன் நிற்காது.

மாநாட்டுத் தலைவர் வாசுதேவன், பல தேசங்களில் தூதராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சோர்வாகச் சொன்னார்: “ஒண்ணே ஒண்ணு. தலையை மட்டும் ஆட்டாதீங்க. ஆட்டினா ஒப்புக்கிட்டதா ஆயிடும்.”

வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னேன். என் மனைவி சுல்தான் பீவி, “நாடா போறீங்க, சரி. மாத்திரை போட்டீங்களா?” என்று கேட்டாள்.

என் முன்னால் நாட்டின் பெயரெழுதிய பலகை, சாண் உயரக் கொடி, ஒரு தண்ணீர் பாட்டில். எனக்கு நேர் எதிரே நம் நாட்டுக்காகப் பேராசிரியர் ஞானம்பாள், பொருளாதாரம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்ற அம்மா, மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அதையே தேடுகிறவர். ஒரு பக்கம் மலை நாட்டுக்காரர். இன்னொரு பக்கம் ஆற்று நாட்டுக்காரர். பேச்சு எல்லாம் இங்கிலீஷில். எனக்குப் புரிந்தபடி தமிழில் எழுதுகிறேன், அவர்களும் அப்படித்தான் ஒருவரை ஒருவர் புரிந்துகொண்டார்கள்.

ஆற்று நாட்டுக்காரர் முதலில் எழுந்தார். “நீங்கள் பெரிய வீடு. நடுச் சுவரை இடித்தால் உங்கள் பக்கம் காற்று வரும். எங்கள் பக்கம் கூரை விழும்.”

ஞானம்பாள் கோபப்படவில்லை. “சுவர் இருக்கும்போதே உங்கள் சந்தையில் விற்பது எங்கள் வெங்காயம்தான். பாதி ராத்திரியில் சாக்கில் வருகிறது. பகலில் லாரியில் வந்தால் உங்களுக்கு வரியாவது கிடைக்கும்.”

“வரியே கூடாது என்பதுதானே இந்த மாநாடு?”

“அதுவும் சரிதான்,” என்று அந்த அம்மா உட்கார்ந்தார்.

மலை நாட்டுக்காரர் மின்சாரம் விற்க வந்தவர். “எங்கள் பிள்ளைகள் உங்களோடு எப்போதோ ஒருங்கிணைந்துவிட்டார்கள்,” என்று, தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பையனைக் காட்டினார். பையன் அவர் ஊர். இருவரும் அவர்கள் மொழியில் கொஞ்ச நேரம் பேசினார்கள். பையனின் அக்காவுக்குக் கல்யாணமாம். மாநாடு அதுவரை காத்திருந்தது. அன்று காலையில் உருப்படியாக நடந்த பேச்சு அதுதான்.

பிறகு என் நாட்டின் முறை வந்தது. ஞானம்பாள் என்னைப் பார்த்து, உங்கள் தேங்காய் எண்ணெய்க்கு நாங்கள் போடும் வரியைப் பாதியாகக் குறைக்கிறோம், உங்கள் கருத்து என்ன என்று கேட்டார். தலையை ஆட்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். பேசவும் கூடாது. ஆகவே ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தேன். இது என் தொழில் பழக்கம். பாறை காட்டி முடித்ததும் எவ்வளவு வேண்டும் என்று கேட்பார்கள், நான் கடலைப் பார்ப்பேன். அவர்களே ஒன்றைச் சொல்வார்கள். பார்த்துக்கொண்டே இருந்தால் அவர்களே ஏற்றுவார்கள்.

ஞானம்பாள் என் பார்வையைத் தொடர்ந்து கடலைப் பார்த்தார். “சரி, கால்வாசி,” என்றார். நான் ஒரு கட்டுமரம் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “சரி, வரியே வேண்டாம்,” என்றார்.

அன்று சாயங்காலத்துக்குள் என் நாட்டுக்குத் தேங்காய் எண்ணெய் வரிவிலக்கு போக ஒரு கப்பல் போக்குவரத்து, கடலடி மின்கம்பி, மருத்துவக் கல்லூரிகளில் இடங்கள், பாதிப் பாலம் எல்லாம் கிடைத்திருந்தன. பாலத்தின் மறுபாதியை நான் போட வேண்டும் என்றார்கள். அதற்கும் கடலைப் பார்த்தேன். முழுப் பாலமும் வந்தது. டீ நேரத்தில் ஆற்று நாட்டுக்காரர் பக்கத்தில் வந்து, பேச்சுவார்த்தைப் பயிற்சி எங்கே எடுத்தீர்கள் என்று தணிந்த குரலில் கேட்டார். பாறைக்குப் பக்கத்தில் என்றேன். ஏதோ வெளிநாட்டுக் கல்லூரி என்று நினைத்துக்கொண்டார் போல, குறித்துக்கொண்டார்.

மறுநாள் மதியம் கன்னியம்மா வந்தாள்.

கன்னியம்மா புதுப்பட்டினம் குப்பத்துக்காரி. ஓட்டல் சமையல்கட்டுக்கு நண்டும் இறாலும் கொடுக்கிறவள். எனக்கு அவளை நெடுநாளாகத் தெரியும், அவளுக்கு என்னையும் என் பாறைக் கதைகளையும் தெரியும். அவள் மகன் எழில் கார்த்திகையில் சின்ன ஃபைபர் படகில் தனியாக நண்டு வலை எடுக்கப் போனான். கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். இன்ஜின் நின்றுவிட்டது. அந்த மாதத்தில் காற்றும் நீரோட்டமும் தெற்கே இழுக்கும். இழுத்துக்கொண்டே போய், யாரும் கோடு போடாத தண்ணீரில் ஒரு கோட்டைத் தாண்டி, நான் பிரதிநிதியாக உட்கார்ந்திருந்த அந்த நாட்டில் கொண்டுபோய் விட்டது. பிடித்து உள்ளே வைத்தார்கள். வழக்குக்கு நாள் குறிப்பார்கள், தள்ளி வைப்பார்கள். உயிரோடு இருக்கிறான் என்பது பேப்பரில் வந்ததால் அவளுக்குத் தெரியும். குரலைக் கேட்கவில்லை. செங்கல்பட்டில் எந்தெந்த ஆபீஸ் உண்டோ அத்தனைக்கும் ஏறி இறங்கினாள். எல்லோரும் மரியாதையாக மனுவை வாங்கி, மேலே அனுப்பியிருக்கிறோம் என்றார்கள்.

அந்த நாட்டு ஆள் ஓட்டலில் இருக்கிறார் என்று சமையல்கார மாரி வாயை விட்டுவிட்டான்.

இங்கே குப்பத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு குப்பத்துப் படகையோ வலையையோ பக்கத்துக் குப்பத்தார் பிடித்து வைத்துக்கொண்டால், போலீசுக்குப் போக மாட்டார்கள். அந்த வீட்டுப் பெண் ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, எலுமிச்சம்பழம் வைத்து எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்துக் குப்பத்துப் பெரியவர் முன்னால் தரையில் வைப்பாள். அவர் கேட்டுக்கொள்வார். வெற்றிலையைத் தொடாமல் இருந்தால் பேச்சு முடியவில்லை. கையில் எடுத்தால் வாக்கு கொடுத்தாகிவிட்டது, பிறகு மாற்றுப் பேச்சு கிடையாது. நாடு என்றாலும் கன்னியம்மாவுக்கு அது கொஞ்சம் தள்ளி இருக்கிற குப்பம்தான். தட்டோடு வந்துவிட்டாள்.

நான் சாப்பாட்டை முடித்துவிட்டு ஓட்டலின் பின்பக்கம் சவுக்கு மரத்தடியில் பட்டனை அவிழ்த்துவிட்டு நின்றிருந்தேன். மாரி தூரத்திலிருந்து என் முதுகைக் காட்டியிருக்கிறான். அவள் சுற்றி வந்து, குனிந்த தலையோடு தட்டை மணலில் வைத்தாள்.

“ஐயா, எம்புள்ள தெரியாம வந்துட்டான். மெஷினு நின்னு போச்சு. திருட வர்ல, மீன் புடிக்க வர்ல. தண்ணி இஸ்துகினு வந்துச்சு. பெரிய மனசு பண்ணி…”

நிமிர்ந்தாள்.

“இன்னா பாய், நீயா?”

“நான்தான்.”

“அந்த நாட்டுக்காரரு எங்க?”

“நான்தான்.”

“எப்பத்லேர்ந்து?”

“நேத்து காலையிலேர்ந்து.”

அவள் என் கோட்டைப் பார்த்தாள். அதற்குள் திணறிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தாள். “வயசான காலத்துல உனுக்கு இது தேவையா? வெக்கமா இல்ல?”

“இருக்கு. கோட்டுக்குள்ள தெரியல.”

மணலில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் உட்கார ஆசைதான், கோட்டு விடவில்லை. அவளுக்கு நடந்ததைச் சொன்னேன். அம்மை, காலி நாற்காலி, எண்ணெய், பாலம். குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

“உன் முன்னாடி போர்டு வெச்சிக்கீறாங்களா?”

“வெச்சிருக்காங்க.”

“கொடி?”

“சின்னதா ஒண்ணு.”

“நீ சரின்னா அந்த நாடு சரின்னதா ஆவுமா?”

“அந்த ரூமுக்குள்ள ஆகும். வெளிய வந்தா நான் வெறும் தாவூத்து.”

“செங்கல்பட்டுல நான் பாத்தவங்க எல்லாம் அவங்கவங்க ரூமுக்குள்ளதான் ஆபீசரு,” என்று தட்டை என் பக்கம் நகர்த்தினாள். “எடு.”

“கன்னியம்மா, நான் பொய் ஆளு.”

“நெஜ ஆளு ஒருத்தனக் காட்டு. அவுங்கிட்ட போறேன்.”

எனக்குக் காட்டத் தெரியவில்லை. வாசுதேவன் இருந்தார், ஞானம்பாள் இருந்தார், ஆனால் அவர்களும் அரசாங்கம் இல்லை, அரசாங்கத்திலிருந்து வீட்டுக்கு வந்தவர்கள். நான் குப்பத்துக்காரன் இல்லைதான். ஆனாலும் அங்கே வெற்றிலையை எடுத்துவிட்டுப் பின்வாங்கியவனை என்ன செய்வார்கள் என்று தெரியும். ஒன்றும் செய்ய மாட்டார்கள். அவன் எதைச் சொன்னாலும் காதில் வாங்க மாட்டார்கள், அவ்வளவுதான். என் பிழைப்பு முழுக்கப் பேச்சு. யோசித்துக்கொண்டே நின்றேன். வெயிலாக இருந்தது. அவள் கை நீட்டியபடி இருந்தது. ஒரு வெற்றிலையை எடுத்துக் கோட்டுப் பையில் வைத்தேன்.

“பேரு எழிலு. மறக்காத,” என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மதியத்துக்குப் பிறகு தீர்மானம் வாசிக்க ஆரம்பித்தார்கள். எல்லோருக்கும் தூக்கம். ‘இதன்மூலம்’ என்று வரும் இடங்களில் மட்டும் மலை நாட்டுக்காரர் கண் விழித்தார். நான் கையைத் தூக்கினேன்.

“என் நாடு பேச விரும்புகிறது.”

ஆற்று நாட்டுக்காரரின் பேனா கீழே விழுந்தது. வாசுதேவன் என்னைப் பார்த்த பார்வையில், அவர் தூதராக இருந்த அத்தனை தேசங்களும் தெரிந்தன.

“எங்கள் சிறையில் இருக்கிற உங்கள் மீனவர்களை விட்டுவிடுகிறோம்,” என்றேன். “எல்லோரையும். எழில் என்பவனை முதலில்.”

யாராவது கைதட்டுவார்கள் என்று நினைத்தேன். ஞானம்பாள் தலையிலிருந்த கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார்.

“எங்கள் நாடு இதை ஏற்க முடியாது,” என்றார்.

“உங்கள் ஆட்களைத்தான் விடுகிறேன் என்கிறேன்.”

“புரிகிறது. மீனவர் விஷயம் நிகழ்ச்சி நிரலில் இல்லை. அதைத் தொட்டதால்தான் இரண்டு மாநாடுகள் உடைந்தன. இனிமேல் தொடுவதில்லை என்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்திருக்கிறோம், உங்கள் நாடும் ஒப்புக்கொண்டிருக்கிறது. அதோடு, நீங்கள் விட்டால் நாங்களும் விட வேண்டிவரும்.”

“விடுங்களேன்.”

“அதற்கு எனக்கு அதிகாரம் இல்லை.”

“எனக்கும் இல்லை,” என்றேன். வாசுதேவன் பலமாக இருமினார்.

பிறகு வெகு நேரம் பேசினார்கள். ஆற்று நாட்டுக்காரர், ஒரு நாடு விட்டால் எல்லா நாடும் விட வேண்டுமா என்று கேட்டார். அவர்கள் நாட்டுச் சிறையில் யார் யார் இருக்கிறார்கள் என்று அவருக்கே தெரியவில்லை. மலை நாட்டுக்காரர், தங்களுக்குக் கடலே இல்லை என்பதால் நடுநிலையாகத் தலைமை தாங்கத் தயார் என்றார். இந்த விஷயத்தைப் பேசலாமா வேண்டாமா என்று பேசுவதற்கு ஒரு துணைக் குழு அமைத்தார்கள். எழிலின் பெயரை அதில் சேர்க்க முடியாது, தனி நபர் பெயர் போடும் வழக்கம் இல்லை என்றார்கள். எண்ணெய், கம்பி, கப்பல், பாலம் எல்லாம் ஒருமனதாக நிறைவேறின. படம் எடுத்தபோது என்னை நடுவில் நிற்க வைத்தார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு ஞானம்பாள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு மணலில் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் தமிழுக்கு மாறினார்.

“போன வருஷம் உருண்டைப் பாறைக்கு எங்களைக் கூட்டிட்டுப் போனது நீங்கதானே?”

மறுக்கலாமா என்று யோசித்தேன்.

“பல்லவ ராஜா தும்மினாரு, பாறை பயந்து அப்படியே நின்னுடுச்சுன்னு சொன்னீங்க. என் பேத்தி அதைப் பரீட்சையில எழுதிட்டா.”

“மார்க் போட்டாங்களா?”

“கூப்பிட்டு விசாரிச்சாங்க.” சிரிக்கவில்லை. “நேத்து காலையிலயே உங்களைத் தெரிஞ்சுபோச்சு. சொல்லியிருந்தா தீர்மானம் போயிருக்கும். அதான் பேசாம உங்களுக்குப் பாலம் குடுத்துக்கிட்டு இருந்தேன். எப்படியும் யாரும் கட்டப் போறதில்லை.”

“அந்தப் பையன்?”

கொஞ்ச நேரம் அலையைப் பார்த்தார். “எவ்வளவோ வருஷமா இந்த மேஜையில உட்கார்றேன். ஒவ்வொரு தடவையும் மீனவர் விஷயத்தை அடுத்த தடவைக்குன்னு வெக்கிறோம். அதைத் தொட்டா மத்ததெல்லாம் நின்னு போயிடும்னு பயம். சரி, தொடாம வெச்சோமே, மத்தது நடந்துதா? அதுவும் இல்லை.” கைப்பையைத் துழாவி ஒரு போன் நம்பரைக் கொடுத்தார். “அம்மை போட்டவரோடது. அவர் நாட்டை நீங்க என்னென்னமோ ஒப்புக்க வெச்சிருக்கீங்க. அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம இருக்கறது முறையில்லை.”

மறுநாள் காலை கன்னியம்மா என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். மீன் கூடையை வாசலில் இறக்கி வைத்திருந்தாள். சுல்தான் பீவி டீ கொடுத்தாள். நான் நம்பரைப் போட்டேன்.

அம்மை போட்டவர் அந்த நாட்டில் சுங்க அதிகாரியாக இருந்தவர். வாழ்நாள் முழுக்கத் துறைமுகத்தில் மற்றவர்கள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, ஓய்வு பெற்றதும் எல்லையே வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தவர்.

“வணக்கம். நான் உங்க நாடு பேசறேன்,” என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டது. பிறகு, “ஓம். கேள்விப்பட்டனான்,” என்று மெலிந்த குரல் வந்தது. “நீங்கள்தானோ நான்?”

“ஆமாங்க. உடம்பு எப்படி இருக்கு?”

“உடம்பெல்லாம் அரிச்சுக் கடிக்குது. பாலம் எல்லாம் வாங்கிப்போட்டியளாம். நான் வந்திருந்தா ஒரு போத்தல் எண்ணெய்கூட வித்திருக்க மாட்டன்.” மூச்சு வாங்கினார். “மீன்பிடிக்காரரை விடுறம் எண்டு சொன்னதை மட்டும் நான் இல்லையெண்டு எழுத வேணும். பிழையா நினைக்காதையுங்கோ.”

“எழுத முடியாதுங்க.”

“ஏன்?”

“நீங்க வெத்தலை எடுத்துட்டீங்க.”

“நானோ?”

“உங்க சார்புல நான்.”

குப்பத்து வழக்கத்தை விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. நானும் சும்மா இருந்தேன். கடலைப் பார்க்கலாம் என்றால் என் ஜன்னலுக்கு எதிரே செல்போன் கடை. அந்தப் பக்கத்து ஆளும் பெட்டி முன்னால் பேசாமல் நின்று பழகியவர். இரண்டு பேரும் போனில் காசைக் கரைத்துக்கொண்டிருந்தோம். கன்னியம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

“ஐயா, நான் அவன் அம்மா பேசறேன்.”

“அம்மா, நான் பெட்டி திறந்து பாத்த ஆள். சிறைக் கதவு திறக்கிற ஆள் இல்லை.”

“தெறக்க வேணாம். போய்ப் பாரு. கீறானான்னு பாரு. சாப்பிட்டானான்னு கேளு. அத்த கேட்டு சொல்லு.”

“எனக்கு அம்மை, அம்மா.”

“எறங்கனதும் போ. தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடி போவாத, அம்மனுக்கு ஆவாது. வேப்பெல கெடைக்குமா ஒங்க ஊர்ல?”

கிடைக்கும் என்றார்.

அவர் மறுப்பு எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் அரித்தது என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். தண்ணீர் ஊற்றிய கையோடு சிறைக்குப் போய், எழிலைப் பார்த்து, யார் யாரையோ கெஞ்சி அவனிடம் போனைக் கொடுத்தார். கன்னியம்மா என் கூடத்தில் நின்றபடி கேட்டாள்.

“ம்மா.”

“சொல்றா.”

“நல்லாக்கீறேன். சோறு பரவால்ல. மீன் கொழம்புதான் சகிக்கல, தேங்காப் பால ஊத்திடறானுங்க.”

“மீனு கேக்குதா தொரைக்கு,” என்றாள். போனை என்னிடம் நீட்டிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் எழிலிடம் பருவநிலையைப் பற்றி விசாரித்தேன்.

அதற்குப் பிறகு அவள் தினம் வந்தாள். வியாபாரம் முடித்து, ஈரப் புடவையோடு வந்து உட்காருவாள். கேஸ் என்ன ஆச்சு என்பாள். நான் அவரைக் கூப்பிடுவேன். அவர் வக்கீலைக் கூப்பிடுவார். வக்கீல் தள்ளிப் போட்டிருக்கிறார்கள் என்பார். அவர் என்னிடம் சொல்வார், நான் அவளிடம் சொல்வேன். “சரி,” என்று டீயைக் குடித்துவிட்டுப் போவாள். ஒரு நாள் நான் வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னேன். சுல்தான் பீவி, “உள்ளதான் கீறாரு, போ,” என்று அனுப்பிவிட்டாள். எனக்கு அலுத்துப்போய் அவருக்கு விடியற்காலையில் போன் செய்தேன். அவருக்கு அலுத்துப்போய் ஒவ்வொரு வாய்தாவுக்கும் நேரில் போய் நீதிமன்றத்துப் பெஞ்சில் உட்கார ஆரம்பித்தார். முகமெல்லாம் அம்மைத் தழும்போடு ஒரு பெரியவர் ஒவ்வொரு தடவையும் முன்வரிசையில் உட்கார்ந்தால் யாருக்கும் சங்கடமாகத்தான் இருக்கும். நீதிபதி ஒரு நாள், இவர் யார், பையனுக்கு என்ன உறவு என்று கேட்டாராம். “நான் இவனை விடுறதாச் சொல்லிப்போட்டன் ஐயா, அதான் இருக்கிறன்,” என்றாராம். இதைச் சொன்னது எழில். அங்கே நடந்த பேச்சு எழிலுக்குத் தெரியாத மொழியில் நடந்தது. ஆகவே கூட்டிக் குறைத்துச் சொல்லியிருக்க மாட்டான்.

பங்குனியில் எச்சரித்து விட்டுவிட்டார்கள். பாலமும் கம்பியும் காரணம் இல்லை. துணைக் குழு இன்னும் கூடவில்லை. அம்மை போட்டவர் அவனை விமான நிலையம் வரை கூட்டிப்போய், பழைய பழக்கத்தில் அவன் பையைத் திறந்து பார்த்துவிட்டு ஏற்றிவிட்டார்.

புதுப்பட்டினம் பஸ் நிறுத்தத்தில் கன்னியம்மாவோடு நானும் நின்றிருந்தேன். எழில் இறங்கினான். அவள் அவனை மேலிருந்து கீழ் பார்த்தாள். தலையில் வைத்திருந்த சும்மாட்டை எடுத்து அவன் தோளில் ரெண்டு போட்டாள்.

“மெஷின சர்வீசுக்கு வுடுன்னு சொன்னனா இல்லியா?”

“சொன்னம்மா.”

“எளச்சி துரும்பாய்ட்டான் பாய்,” என்று என்னிடம் திரும்பினாள். பையனுக்கு நல்ல தொப்பை விழுந்திருந்தது. வைத்துச் சோறு போட்ட நாடு என்ற முறையில் எனக்கு அது உறுத்தியது. சொல்லவில்லை.

அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் போன புழுதி அடங்கியது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “படகு?” என்றாள்.

“அது கேஸ்ல கீதும்மா,” என்றான் எழில்.

“உன்ன கேக்கல.” என்னைப் பார்த்தாள்.

“ஆளை விடறது வேற கன்னியம்மா, படகை விடறது வேற,” என்றேன். “அது தனி விஷயம்.”

“படகு இல்லாம இவன வெச்சிகினு நான் இன்னா பண்றது?”

ஒரு நாடு சொல்லக்கூடிய பதில்கள் எல்லாம் எனக்கு அப்போது தெரிந்திருந்தன. அவற்றில் எதையும் அவளிடம் சொல்ல முடியாது. அவள் கூடையைத் தூக்கித் தலையில் வைத்தாள்.

“சரி. நாளிக்கு வரேன்,” என்று மகனைத் தள்ளிக்கொண்டு நடந்தாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். போனை எடுத்து அம்மை போட்டவரைக் கூப்பிட்டேன். அப்போதுதான் படுத்திருப்பார் போல.

“சொல்லுங்கோ,” என்றார்.

“படகு,” என்றேன்.

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. எழுந்து உட்காருகிறார்.

“ஓம்,” என்றார். “நம்பர் என்ன?”